சுத்தம் வேண்டும்; சுரண்டல் வேண்டாம்!

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். சுண்டல், பஜ்ஜி, மீன் வறுவல், டீ என்று வரிசையாகச் சிறு கடைகள். அன்றைய வியாபாரம் நடந்தால்தான் அன்றிரவு அவர்கள் வீட்டில் அடுப்பெரியும். 2004 சுனாமியில் அனைத்தையும் பறிகொடுத்து மீண்டெழுந்த கரை இது.

இந்தக் கடைகளையும் கட்டுப்படுத்துவதுதான் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த இது, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது தமிழக வணிகர்கள் கடையடைத்துப் போராடினார்கள். பெரிய கம்பெனிகளுக்குப் போட்ட சட்டையைப் பெட்டிக்கடைக்காரருக்கு மாட்டுவதா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே!

ஆனால், நோய்க்குச் சிறிய கடை, பெரிய கடை என்ற பேதம் உண்டா? பஞ்சு மிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் அதற்குத் தடை விதித்தன. அதை வாங்கித் தின்றவர்கள் யார்? நம் பிள்ளைகள்தானே! காய்ந்து கறுத்த எண்ணெயில் மீண்டும் மீண்டும் பொரிப்பதும், அச்சு மையோடு செய்தித்தாளில் வடையை மடித்துக் கொடுப்பதும் வறுமையால் வந்தவை அல்ல, அலட்சியத்தால் வந்தவை. ஏழைக்கு ஏழையே நஞ்சு ஊட்டுவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

சட்டத்தில் சிறு வியாபாரிக்கு வழியே இல்லை என்பதும் சரியல்ல. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பனை உள்ளவருக்கு உரிமம் தேவையில்லை, 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்றே 2011ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. குறை கண்டால் திருத்திக்கொள்ள அறிவிப்புக் கொடுக்கச் சட்டத்தின் 32ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்த அவகாசம் 14 நாட்களுக்குக் குறையக் கூடாது. இது எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியும்? தெரியாததால்தான் அதிகாரியின் ஜீப்பைக் கண்டதும் கை நடுங்குகிறது. நடுங்கும் கையில்தான் லஞ்சம் பிறக்கிறது!

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பாத்திரம் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும் என்கிறது விதி. குழாய் இல்லாத மணலில் கடைக்காரர் தண்ணீருக்கு எங்கே போவார்? கழிவுநீரை எங்கே ஊற்றுவார்? சிப்காட் ஆலைகளால் நிலத்தடி நீர் கெடுகிறதென்று கடலூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிடுகிறார்கள். அங்கே காட்டாத வேகத்தைச் சுண்டல் கூடையிடம் காட்டினால் அதற்குப் பெயர் நீதியா?

எனவே, முதலில் குழாயும் குப்பைத் தொட்டியும் வரட்டும். அடுத்து, கடைக்காரர்களுக்குத் தமிழில் பயிற்சி தரட்டும். அதன் பிறகும் திருந்தாதவர் மீது தயவு தாட்சண்யமின்றி நடவடிக்கை பாயட்டும்.

கடைக்காரச் சகோதரர்களே! அதிகாரி வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் பண்டத்தை ஊரார் பிள்ளைக்கு விற்காதீர்கள்.