மலை ஏறும் வண்டி ஏன் டீசலைக் குடிக்கிறது?

வாசகர்களே, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று, வண்டியும் டீசலும் பற்றியவை. மூன்றுமே சேர்வராயன் மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் எழுதியது. காபி அறுவடை நெருங்கும் நேரம் என்பதால் மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எனக்கு ஏற்காட்டில் 4 ஏக்கர் காபித் தோட்டம். ஊடே மிளகும் சில்வர் ஓக் மரங்களும் உண்டு. சொந்தமாக டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். சமவெளியில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, சேலத்தில் லோடு ஏற்றி மலை ஏறினால் பாதிதான் கொடுக்கிறது. வண்டியில் கோளாறா? இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்கிறார் டிரைவர். அப்படிச் செய்யலாமா?
- நாகலூர் பகுதி வாசகர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். செய்யவே கூடாது. ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறோம். உங்கள் வண்டியில் கோளாறு இருப்பதாகவும் தெரியவில்லை. மலை தன் கூலியைக் கேட்கிறது, அவ்வளவுதான். அந்தக் கூலி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கே மிச்சம் பிடிக்க முடியும், எங்கே முடியாது என்பது தெளிவாகிவிடும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி உங்கள் வண்டி 1,200 மீட்டருக்குமேல் உயர வேண்டும். ஒரு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க, இன்ஜினில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், ஏறக்குறைய 1.1 லிட்டர் டீசல் ஆகும். நல்ல வண்டி, கெட்ட வண்டி என்ற வித்தியாசமெல்லாம் இந்தக் கணக்கைக் கொஞ்சம்தான் மாற்றும்.

இப்போது உங்கள் வண்டியைப் பாருங்கள். இந்த ரக பிக்கப், காலியாகவே ஒன்றே முக்கால் டன் இருக்கும். ஒன்றேகால் டன் லோடு ஏற்றினால் மொத்தம் 3 டன். மேலே தூக்குவதற்கு மட்டும் 3.3 லிட்டர். சக்கரம் உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் இன்னும் ஒரு லிட்டர் சேர்த்தால், 30 கிலோமீட்டர் தூரத்துக்கு 4 லிட்டருக்கு மேல் வந்துவிடுகிறது. லிட்டருக்கு 7 கிலோமீட்டர்கூடத் தேறாது. நீங்கள் பார்ப்பதும் அதுதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறது. சமவெளியில் தூரத்துக்குக் காசு, மலையில் எடைக்குக் காசு. அதனால் மலையில் 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்று பார்த்துப் பயனில்லை. 'ஒரு டன் சரக்கை மேலே கொண்டுவர எத்தனை ரூபாய்' என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் நான்கு வழிகள் தெரியும்.

1. நடையைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் வண்டியின் சொந்த எடையான ஒன்றே முக்கால் டன்னையும் சேர்த்துத்தான் தூக்குகிறீர்கள். அதற்கே சுமார் 2 லிட்டர் போகிறது. அரை லோடாக இரண்டு நடை போனால், போக வர மொத்தம் 8 லிட்டர் ஆகும். அதையே முழு லோடாக ஒரே நடையில் முடித்தால் 5 லிட்டர். 3 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 270 ரூபாய். பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு பேருடன் பேசிவைத்து, உரம், தீவனம், வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் வாரத்தில் ஒரு நாள் சேர்த்து எடுங்கள். இதைவிடப் பெரிய சிக்கனம் வேறு எந்தக் கருவியிலும் கிடையாது.

முழு லோடு என்றால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அளவு. அதற்கு மேல் போகக் கூடாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். வாழ்நாள் முழுக்க மிச்சம் பிடித்த டீசல் ஒரே நாளில் போய்விடும்.

2. தண்ணீரைச் சுமந்து மலை ஏறாதீர்கள். பச்சைச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். ஒரு டன் பச்சைச் சாணம் ஏற்றினால், 800 கிலோ தண்ணீரைக் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுபோகிறீர்கள். அந்தத் தண்ணீருக்கு மட்டும் கிட்டத்தட்ட 0.9 லிட்டர் டீசல். எரு வாங்குவதானால் நன்றாக மக்கி உலர்ந்ததை வாங்குங்கள். மழையில் நனைந்த எருவை இரண்டு நாள் கழித்து ஏற்றினாலும் தவறில்லை. வரும்போது தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

அதைவிட நல்லது, மேலேயே உரம் தயாரிப்பது. காபிப் பழத்தைத் தோட்டத்திலேயே பல்பிங் செய்தால், பழத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு தோலாக அங்கேயே நிற்கிறது. நிழல் மரங்களின் சருகையும் வீட்டு மாட்டின் சாணத்தையும் சேர்த்து மக்கவைத்தால், கீழேயிருந்து ஏற்றும் எருவில் பெரும் பங்கு குறையும். இறக்கும் சரக்கும் சிறுக்கும். 100 கிலோ அரபிகா பழம், காய்ந்த பார்ச்மென்ட் ஆகும்போது ஏறக்குறைய 20 கிலோதான். சரக்கு குறைந்தால் இறக்கத்தில் பிரேக் படும் பாடும் குறையும்.

3. வண்டியில் தங்கிவிட்ட சுமையை இறக்குங்கள். பழைய இரும்பு, கம்பி, முட்டுக் கல், நிரம்பிய தண்ணீர் டிரம் என்று எப்போதும் வண்டியிலேயே கிடக்கும் 100 கிலோவுக்கு ஒவ்வொரு ஏற்றத்திலும் பத்து ரூபாய் கூலி கொடுக்கிறீர்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, சக்கரத்துக்குப் போடும் கட்டை ஆகிய மூன்றும் அவசியம். மற்றதை வீட்டில் வையுங்கள்.

4. நிற்காமல் ஏறுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும் டீசலும் கிளட்சும் தேயும். சனி, ஞாயிறுகளிலும் மே மாதக் கோடை விழாச் சமயத்திலும் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டும் பாதை இது. விடியற்காலையில் கிளம்பிவிட்டால் பாதை காலியாக இருக்கும். குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது சாலை விதி. இறங்கும்போது நீங்களும் அதை மதியுங்கள்.

வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்றாதீர்கள். வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்து, சீரான வேகத்தில் சுற்றுங்கள். 'பெரிய கியரில் போனால் மிச்சம்' என்பது சமவெளிப் பழக்கம். ஏற்றத்தில் இன்ஜின் திணறினால் கறுப்புப் புகை வரும். அந்தப் புகை, எரியாமல் வெளியே போகும் உங்கள் டீசல். ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்று மெலிந்த இடத்தில் ஏர் ஃபில்டரும் தூசியடைத்துக் கிடந்தால் புகை இன்னும் கூடும். தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டிக்கு, கம்பெனி சொல்லும் கெடுவுக்கு முன்பே ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

இனி, நியூட்ரல் விஷயம்.

கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அப்போது டீசல் பம்ப் தானாகவே டீசலை நிறுத்திவிடுகிறது. அதாவது, கியரில் இறங்கும்போது டீசல் செலவு ஏறக்குறைய பூஜ்யம். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கத் தொடர்ந்து டீசல் குடித்தாக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து, செலவைக் கூட்டிக்கொள்கிறார் உங்கள் டிரைவர்.

காசாவது போகட்டும். 3 டன் வண்டி ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வருவதற்குள், ஏறும்போது சேர்த்த சக்தி முழுவதும் எங்காவது தீர வேண்டும். கியரில் இருந்தால் இன்ஜின் பெரும்பகுதியைத் தாங்கும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக்கின் தலையில் விழும். அது எவ்வளவு சூடு தெரியுமா? சுமார் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு! அதை உள்ளங்கை அகல பிரேக் லைனிங் தாங்குமா? சூடேறிய பிரேக் முதலில் நாற்றம் விடும், பிறகு பிடிப்பை இழக்கும். காலை அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். அது இதைவிட ஆபத்து. இரண்டு மூன்று முறை அழுத்தியதும் பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும். பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். சாவியை முழுக்கத் திருப்பினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளலாம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் கூலியாட்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே தவறு என்பது வேறு.

எந்தக் கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி வராமல், வேகம் கூடும்போது அழுத்தி, குறைந்ததும் விட்டுவிடுங்கள். நாற்றம் வந்தால் அகலமான இடத்தில் ஓரம்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தானாக ஆறவிடுங்கள். சூடான டிரம் மேல் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். இந்த இதழை உங்கள் டிரைவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிக்கப்புக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் மாட்டி இழுத்தால், ஒரே நடையில் கூடுதல் சரக்கு ஏற்றலாமே? வெளிநாட்டில் அப்படித்தானே செய்கிறார்கள்?
- வாழவந்தி பகுதி வாசகர்

அமெரிக்காவில் பிக்கப்புக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துச் சுற்றுலா போகிறார்கள். அவர்கள் ஓடுவது பெரும்பாலும் நீண்ட நெடுஞ்சாலையில். அங்கே டீசலைத் தின்பது, உயரமான அந்தப் பெட்டியில் மோதும் காற்று. அதனால் அவர்களுக்கு முதல் வைத்தியம் வேகத்தைக் குறைப்பது. கலிஃபோர்னியாவில் இழுவை வண்டிக்கு மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர்தான் வேக வரம்பு.

நம் மலைப்பாதை அப்படியில்லை. டிரெய்லரின் காலி எடை அரை டன் என்றால், சரக்கே இல்லாமல் ஏறினாலும் அரை லிட்டருக்கு மேல் கூடுதல் டீசல். கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் சக்கரம் வண்டியின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டும். இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர், முன்னால் போகும் வண்டியைத் தள்ளித் திருப்பிவிடும். போதாததற்கு, டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும். ஏற்காடு பாதைக்கு எங்கள் யோசனை, டிரெய்லர் வேண்டாம் என்பதே.

தோட்டத்துக்குள் டிராக்டரில் டிரெய்லர் இழுப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் சுமையின் கனம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் கொக்கியைத் தூக்கி, டிராக்டரின் பின் சக்கரப் பிடிப்பைக் குறைக்கும், வாலும் ஆடும். வயலைத் தாண்டிப் பாதைக்கு வந்ததும் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டுங்கள். இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு வந்துவிடுங்கள். பாதி இறக்கத்தில் கிளட்ச்சை மிதித்துக் கியர் தேடக் கூடாது.

கேள்வி: சேலத்திலிருந்து சென்னைக்குப் பலாப்பழமும் காய்கறியும் பிக்கப்பில் கொண்டுபோகிறேன். எனக்கு எதில் மிச்சம்?
- வாழப்பாடி வாசகர்

உங்களுக்கு எதிரி காற்று. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி 80-க்கு ஏறினால், காற்றின் தடை ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிவிடுகிறது. சந்தைக்கு முன்னதாகவே கிளம்பி, 60-ஐ ஒட்டியே ஓட்டிப் பாருங்கள். சரக்கைக் கேபினுக்கு மேல் கோபுரமாக அடுக்காமல் தாழ அடுக்குங்கள். தார்ப்பாயைப் படபடக்காமல் இறுக்கிக் கட்டுங்கள்.

டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காலையில் பாருங்கள். லோடு ஏற்றும்போது பின் டயருக்கு எவ்வளவு என்பது கேபின் கதவுப் பக்கத்திலோ, வண்டியுடன் வந்த கையேட்டிலோ இருக்கும். மண்டியில் வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணையுங்கள். சும்மா நின்று உறுமினாலே மணிக்கு அரை லிட்டர் அளவுக்குப் போய்விடும்.

எல்லோருக்கும் ஒரு வேலை: வண்டியில் 40 பக்க நோட்டு ஒன்று வையுங்கள். ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், நாசில் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நடை முடிந்ததும் அதேபோல நிரப்பி, ஏறிய லிட்டரையும் ஏற்றிய சரக்கின் எடையையும் எழுதுங்கள். பத்து நடை எழுதினால், எந்தப் பழக்கம் காசைத் தின்கிறது என்பதை நோட்டே சொல்லிவிடும். உங்கள் கணக்கை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். மற்ற விவசாயிகளுக்கும் பயன்படும்.