கண்ணாடி பிடித்தவர் பெயர் என்ன?



அண்டார்டிகாவில் தனக்குத்தானே அறுவை சிகிச்சை செய்துகொண்ட ரஷ்ய மருத்துவரின் கதையை இந்த வாரம் நான்கு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். நான்கிலும் ஒரே நீதி: மன உறுதி இருந்தால் யார் துணையும் வேண்டாம். இது தவறு.

நடந்ததைக் கேளுங்கள். 1961 ஏப்ரல் 30 இரவு. நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் மொத்தம் 13 பேர். ஒரே மருத்துவர் லியோனித் ரோகோசவ், வயது 27. அவருக்கே குடல்வால் அழற்சி. பனிப்புயலில் விமானம் வர வழியில்லை.

அவர் தன் வயிற்றைக் கீறியபோது வானிலை ஆய்வாளர் அர்த்தெமியெவ் காயத்தை விரித்துப் பிடித்தார். மெக்கானிக் தெப்லின்ஸ்கி கண்ணாடியும் விளக்கும் பிடித்தார். இவர்களில் யாராவது மயங்கினால் கைகொடுக்க நிலையத் தலைவர் நின்றார். தான் நினைவிழந்தால் எந்த ஊசி போடுவது, எப்படிச் செயற்கை சுவாசம் கொடுப்பது என்று சொல்லிக்கொடுத்த பிறகே ரோகோசவ் கத்தியை எடுத்தார். துணை வேண்டாம் என்பவர் செய்கிற காரியமா இது?

அவர் துணிச்சலை நான் குறைக்கவில்லை. ஆனால் ஜெனரேட்டர் நின்றால் துருவ நிலையத்தில் எந்த வீரனுக்கும் பிழைப்பது கடினம். அமுண்ட்சென், ஸ்காட் என்று தலைவர்கள் பெயரை மட்டும் உங்களை மனப்பாடம் செய்யவைத்தது என் பிழை. அதன் பலன்தான், இன்றும் என்னைப் பார்க்கும்போது சிலர் "வெறும் மெக்கானிக்தான் சார்" என்று தலைகுனிகிறீர்கள்.

இனி அப்படிச் சொல்லாதீர்கள். அந்தக் கதையை அனுப்பினால் தெப்லின்ஸ்கியையும் சேர்த்து அனுப்புங்கள்.