சம்பா கோயிலுக்குள் ஒரு மதில்: 1745-ல் நடந்த கதை

பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு பக்கமிருந்து டவுனுக்கு வருபவர்களுக்கு மிஷன் வீதி என்றால் துணிக்கடையும் செருப்புக்கடையும்தான் முதலில் ஞாபகம் வரும். அந்தக் கடைகளுக்கு நடுவே உயரமாக ஒரு முகப்பு நிற்கும். அமலோற்பவ அன்னை பேராலயம் என்பது அதன் முழுப்பெயர். ஆனால் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார். ‘சம்பா கோயில்’ என்றால் உடனே கிளம்பிவிடுவார்.

சம்பா நெல்லுக்கும் இந்தக் கோயிலுக்கும் சம்பந்தம் இல்லை. இங்கே வந்த இயேசு சபைச் சாமியார்கள் புனித பவுல் பெயரோடு சேர்த்து அறியப்பட்டவர்கள். அந்த ‘சான் பாவ்லு’தான் நம் ஊர் வாயில் ‘சம்பா’ ஆகிவிட்டது.

இப்போது நாம் பார்ப்பது நான்காவது கட்டடம். 1690-களில் கட்டிய முதல் கோயில், டச்சுக்காரர்கள் 1693-ல் புதுச்சேரியைப் பிடித்தபோது போனது. பிரெஞ்சுக்காரர்கள் 1699-ல் திரும்பி வந்ததும் அவசரமாக ஒரு சின்னக் கோயில் எழுந்தது. 1728-ல் தொடங்கி 1736-ல் முடிந்தது மூன்றாவது. 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு அதையும் தரைமட்டம் ஆக்கினார்கள். 1770-ல் மறுபடி அஸ்திவாரம் போட்டு, 1791-ல் மந்திரித்துத் திறந்ததுதான் இன்றைய கோயில். இதற்கிடையில் இயேசு சபையே தடைசெய்யப்பட்டு, பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு சபையிடம் பொறுப்பு போயிருந்தது.

முகப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கீழ்த்தளத்தில் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்த தூண்கள். அதற்கு மேல் இன்னொரு தளம், அங்கேயும் ஜோடித் தூண்கள். கீழே இருப்பவை டோரிக் வகை, மேலே இருப்பவை அயோனிக். உள்ளே போனால் உருளையை நெடுக்காக அறுத்துக் கவிழ்த்த மாதிரி வளைவுக் கூரை. குவிமாடத்தில் எட்டு வட்டத் திறப்புகள், அவற்றின் வழியே இறங்கும் வெளிச்சம். பாரிஸில் பதினான்காம் லூயி பிறந்ததற்கு நன்றியாக அவன் அம்மா கட்டிய வால் த கிராஸ் கோயிலின் சாயல் இதில் இருக்கிறது என்பார்கள். இந்தப் பாணிக்குப் பெயர் பரோக். ஒழுங்காக உருளாத, கோணல்மாணலான முத்தைப் போர்த்துகீசியர்கள் ‘பரோக்கோ’ என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்வதுண்டு. முத்துக்குளித்துறை இருக்கும் நம் நாட்டுக்குப் பொருத்தமான பெயர்தான்!

பரோக் என்றால் சுருள் சுருளான பூவேலை, தங்கமுலாம், குண்டுக் கன்னத்தோடு குழந்தைச் சம்மனசுகள் என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். அடிப்படை வேறு. பழைய ஐரோப்பியக் கோயில்கள் பலவற்றில் பீடத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே மரத்திலோ கல்லிலோ ஒரு பெரிய தடுப்பு இருக்கும். உள்ளே சாமியார் என்ன செய்கிறார் என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. 16-ம் நூற்றாண்டில் திரெந்து சங்கம் கூடிய பிறகு அந்தத் தடுப்புகளை எடுக்க ஆரம்பித்தார்கள். 1568-ல் ரோமில் இயேசு சபையினர் கட்டத் தொடங்கிய ‘இல் ஜேசு’ கோயில்தான் இதற்கு முன்மாதிரி. ஒரே அகல மண்டபம், நேராகப் பீடம், உயரத்திலிருந்து விழும் ஒளி. எங்கே உட்கார்ந்தாலும் கண்ணுக்குத் தெரியணும், காதில் விழணும். கடைசி வரிசைக்காரரையும் மனசில் வைத்து யோசித்த கட்டடக்கலை அது.

அதே இயேசு சபைதான் புதுச்சேரியில் கோயில் கட்டியது. அதற்குள்ளே ஒரு மதில் இருந்தது.

இதைச் சொல்கிறவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் பிறந்தவர், வைணவர், பின்னாளில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவின் துபாஷ். 1736 முதல் ஏறக்குறைய சாகும் வரை டைரி எழுதியவர். அவருடைய 1745 அக்டோபர் குறிப்பு ஒன்று நேரே விஷயத்துக்கு வருகிறது. சம்பா கோயிலின் வடபுறத்தில் ஒரு தடுப்புச் சுவர். அதற்கு ஒரு பக்கம் பறையர் சமூகக் கிறிஸ்தவர்கள். இன்னொரு பக்கம் ஐரோப்பியர், சட்டைக்காரர், சாதிக் கிறிஸ்தவர்கள். ஒரே பூசை, ஒரே சாமியார், நடுவில் சுவர். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் தூண்டிவிட்டதாகப் பிள்ளை எழுதுகிறார். அந்த மக்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் கேட்டார்கள்: நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களை மட்டும் ஏன் பிரித்து வைக்கிறீர்கள்? சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார்.

இடித்த பிறகு அமைதி வரவில்லை. சாதிக் கிறிஸ்தவர்கள் கொந்தளித்தார்கள். தலைமைத் துபாஷாக இருந்த கனகராய முதலியார் குடும்பத்துப் பெண் ஒருவர் நகையும் பட்டுமாகப் பூசைக்கு வந்ததைச் சாமியார் எல்லார் முன்னாலும் கண்டித்தது எரிகிற தீயில் எண்ணெய் ஆயிற்று. கவர்னர் வரைக்கும் பஞ்சாயத்து போனது. எனக்கு இதில் ஆச்சரியம், சுவரை இடித்ததில் இல்லை. 1744-ல்தான் போப் பதினான்காம் பெனடிக்ட், எல்லாச் சாதியாரும் ஒரே கோயிலில் ஒன்றாகப் பூசை காண வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். அதற்கும் 40 வருடம் முன்பே, 1704-ல், ரோமிலிருந்து வந்த தூர்னோன் என்ற பிரதிநிதி இதே புதுச்சேரியில் தங்கி, ‘மலபார் சடங்குகள்’ என்று அவர்கள் சொன்ன நம்மூர் வழக்கங்கள் மேல் ஆணை பிறப்பித்திருந்தார். மேலிடத்திலிருந்து இத்தனை காகிதம் வந்தும் ஒரு செங்கல் அசையவில்லை. தடுத்து வைக்கப்பட்டவர்கள் நேரில் போய் நின்று கேட்டபோதுதான் அசைந்தது.

அதே வருடம் கனகராய முதலியார் சொந்தமாகவும் ஒரு கோயில் கட்டி முடித்திருந்தார். டவுனுக்கு மேற்கே, ஒழுகரைக்குப் பக்கத்தில் ரெட்டிப்பாளையத்தில். இன்று வில்லியனூர் போகும் வழியில் ரெட்டியார்பாளையம் என்று நாம் கடந்து போகும் இடம்தான். இறந்துபோன மகனின் நினைவாக எழுப்பிய புனித அந்திரேயா கோயில் அது. சுரூபங்களை வைத்து, ஊரையே விருந்துக்கு அழைத்தார். பிராமணர், வெள்ளாளர், கோமுட்டி, செட்டி, தட்டார், நெசவுக்காரர், எண்ணெய் வாணிபர் எல்லாருக்கும் அழைப்பு. சத்திரங்களும் தோட்டங்களும் சமையலுக்கு ஒதுக்கப்பட்டன. பிராமணர்களுக்குப் பிராமணச் சமையல். வெள்ளாளருக்கு அகம்படியர் வீடுகளில் தனிச் சமையல். துரைமார்களுக்குப் புதுச்சேரியிலேயே சமைத்துக் கொண்டுவந்து, மேஜை போட்டுப் பரிமாறினார்கள். துய்ப்ளேவும் அவர் மனைவியும் வந்து சாயங்காலம் ஐந்து மணி வரை இருந்தார்கள்.

அவரவர் ஆசாரம் கெடாமல் செய்தாயிற்று என்று பிள்ளைக்குத் திருப்தி. ஆனாலும் கிறிஸ்தவக் கோயில் திறப்பில் நம்ம வழக்கப்படி விருந்தா என்று ஒரு சின்ன நெளிவும் அவர் எழுத்தில் தெரிகிறது. டவுன் கோயிலில் ஒரு சுவர் போனதும், கிராமத்துக் கோயில் விருந்தில் தனித்தனி அடுப்பு எரிந்ததும் ஒரே வருடத்தில்.

சுவர்க் கதையை இதோடு விட்டால் சம்பா கோயிலின் கணக்கு முழுசாகாது. மூன்று வருடம் கழித்து, 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்த நேரத்தில் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலைத் துய்ப்ளே ஆட்சி இடித்தது. இயேசு சபையினர் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த காரியம் அது. பிள்ளை மனம் வெந்து எழுதிய பக்கங்கள் அவை. ஈஸ்வரன் கோயில் பின்னர் வேறு இடத்தில் எழுந்தது. பக்கத்துக் கோயில் இருக்கக் கூடாது என்று கேட்டவர்களும், தன் கோயில் சுவரை உடைத்தவர்களும் ஒரே சபையார். வரலாறு நமக்கு வசதியான ஆட்களாகப் பார்த்துக் கொடுப்பதில்லை.

சரி, 1745-ல் இடிந்த சுவர் அத்தோடு முடிந்ததா? நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்று ஒரு கிராமம். அங்கே 1872-ல் கட்டிய திருக்குடும்பக் கோயிலில் சுவரெல்லாம் பத்தாது என்று கட்டடத்தையே இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு மண்டபங்கள், சேருமிடத்தில் பீடம். இந்தக் காலில் இருப்பவர் அந்தக் காலில் இருப்பவரைப் பார்க்க முடியாது. சாமியார் மட்டும் இரண்டு பக்கமும் தெரிவார். 1910-ல் அந்தத் தடுப்பை நீக்கியதும் வழக்கு கிளம்பி மதராஸ் ஹைகோர்ட் வரை போனது. தனி இடம் எங்கள் உரிமை என்று கேட்டவர்கள் 1917-ல் தோற்றார்கள்.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். புதுச்சேரி-கடலூர் மறைமாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்ட பிரச்னை 2008 மார்ச்சில் மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். 1745-ல் சேர்ந்து உட்காரக் கேட்டவர்கள், 263 வருடம் கழித்துத் தனியாகவே கொடுத்துவிடுங்கள் என்று கேட்கும் நிலைமை ஏன் வந்தது?

அடுத்த முறை மிஷன் வீதிக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குவிமாடத்துக்கு நேர் கீழே ஒரு நிமிஷம் நில்லுங்கள். இது அந்தச் சுவர் இருந்த கட்டடம் இல்லை, அதற்கு அடுத்தது. வடக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி தரையில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருக்கலாம். அங்கிருந்து பீடம் நன்றாகவே தெரிகிறது.

ரெட்டியார்பாளையம் கோயிலைப் பார்க்க நினைப்பவர்களுக்கு: புனித அந்திரேயா திருநாள் நவம்பர் 30. கனகராய முதலியாரின் விருந்துக்குப் போனவர்கள் எல்லாரும் சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டதாகப் பிள்ளை எழுதியிருக்கிறார். வில்லியனூர் ரோட்டில் இன்றைய டிராஃபிக்குக்கு நீங்கள் நாலு மணிக்கே கிளம்புவது நல்லது.