அழைப்பிதழும் அழைப்பும்

மக்கள் கூடி வாழும் வாழ்க்கைக்கு இன்றியமையாத நல்லொழுக்கங்களுள், தம் இல்லத்து நன்மை தீமைகளுக்குப் பிறரை முறைப்படி அழைத்தலும் ஒன்றாகும். திருவள்ளுவர் அன்புடைமை என்னும் அதிகாரத்தை அடுத்தே விருந்தோம்பல் என்னும் அதிகாரத்தை வைத்தார். அன்பு உள்ளத்தில் மட்டும் நின்றுவிடாது வாயிலைக் கடந்து பிறரை நாடிச் செல்லும் இயல்பினது என்பதை அவ்வைப்பு முறையே நமக்குக் காட்டுகின்றது. அங்ஙனம் நாடிச் செல்லும் அன்பின் முதற்படி அழைப்பேயாகும். விருந்து எத்துணைச் சிறந்ததாயினும் அழைப்பிற் குறை நேர்ந்தால், இலையில் இட்ட அறுசுவையும் சுவையற்றுப் போதல் நாம் நாடோறும் காண்பதன்றோ?

இந்நாளில் இவ்வழைப்பைப் பற்றி நம்மூர்களில் ஒரு வழக்கு எழுந்துளது. திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா ஆகியவற்றிற்குத் தாளில் அச்சிட்ட இதழைக் கொடுத்தல் வேண்டுமா, கைப்பேசியின் வாயிலாக ஒரு படத்தை அனுப்பிவிட்டால் அமையுமா என்பதே அவ்வழக்கு. இளைஞர் பலர், பின்னது செலவற்றது, விரைவுடையது, வழியில் தவறிப் போகாதது என்பர். முதியோர் பலர், முன்னதே மரபு, பின்னது மதியாமை என்பர். இருசாராரும் வழக்கின் நடுவிடத்தை விட்டு அதன் ஓரத்தில் நின்று பேசுகின்றனர் என்பது என் கருத்து.

மரபு என்று கூறுவோர் முதலில் ஒன்றை நினைத்தல் வேண்டும். அச்சிட்ட தாளும் ஒரு காலத்திற் புதுமையே. காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரில் கோவலன், கண்ணகி ஆகியோரின் திருமணச் செய்தியை, அணி பூண்ட மகளிரை யானையின்மீது ஏற்றி அந்நகரத்தார்க்கு அறிவித்தனர் என்று சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடல் கூறுகின்றது. அங்கே தாளும் இல்லை, அச்சும் இல்லை. பிற்காலத்தார் பனையோலையில் எழுதி ஆள்வழி அனுப்பினர். இன்றும் திருச்சபைகளில் மணச்செய்தியை மூன்று ஞாயிறுகளில் அறிவிப்பதை ‘ஓலை வாசித்தல்’ என்றே வழங்குகின்றோம். ஓலை போய்விட்டது, அதன் பெயர் மட்டும் நின்றுவிட்டது. இதே தஞ்சை நாட்டுக் கடற்கரையில், தரங்கம்பாடிக்கு அச்சியந்திரம் 1712ஆம் ஆண்டில் வந்தது. மறு ஆண்டு முதல் அங்குத் தமிழ் அச்சாயிற்று. 1854ஆம் ஆண்டில் இந்நாடு முழுவதற்கும் தூரம் கருதாத ஒரே அஞ்சற் கட்டணம் ஏற்பட்டது. இவ்விரண்டும் கூடிய பின்னரே அச்சிட்ட இதழைத் தபாலில் அனுப்புதல் எளியோர்க்கும் இயல்வதாயிற்று. நேரிற் செல்ல வேண்டியவன் தபாற்பெட்டியில் இட்டு ஒழிந்தான் என்று அக்காலத்துப் பெரியோரும் குறைகூறியிருத்தல் கூடும். வாழ்த்துச் செய்திகளுக்கு எண்ணிட்டு, அவ்வெண்ணை மட்டும் குறித்தால் வாழ்த்து முழுவதும் போய்ச் சேருமாறு செய்த தந்தியும் இந்நாட்டில் நெடுங்காலம் வழங்கி, 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நின்றுபோயிற்று. ஆகலின் கருவிகள் மாறுவது இயற்கை. அவற்றின் மாற்றத்தை நொந்துகொள்வதிற் பயனில்லை.

ஆயினும் இக்கருவிகள் எல்லாம் மாறிய போதும் மாறாதிருந்தது ஒன்று உண்டு. அதனை எங்கள் முத்துப்பேட்டையில் எவரும் காணலாம். கோரையாறு அலையாத்திக் காட்டினூடே புகுந்து கடலை அடையும் இவ்வூரில், இந்துக்களும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். வீட்டுக்கொருவர் சிங்கப்பூரிலோ, மலேயாவிலோ, வளைகுடா நாடுகளிலோ இருத்தல் இங்கு வியப்பன்று. ஒரு வீட்டில் மணம் உறுதியானால், பெரியவர் இருவர் புறப்பட்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் மஞ்சள் தடவிய இதழும் வைத்து, உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நீர் அருந்தி, நலம் வினவி, ‘குடும்பத்தோடு வந்து நடத்திக் கொடுக்க வேண்டும்’ என்று கூறி மீள்வர். முஸ்லிம் நண்பர் இல்லத்து நிக்காஹ் எனினும், கிறிஸ்தவர் இல்லத்து மணம் எனினும், தட்டில் உள்ளவை வேறுபடுமேயன்றி வீட்டுக்குச் செல்லுதல் வேறுபடுவதில்லை. இம்முறையைச் சிற்றூரார் ‘பத்திரிகை கொடுத்தல்’ என்னாது ‘பத்திரிகை வைத்தல்’ என்பர். ஒருவர் முன்னிலையில் பணிந்து வைப்பது என்பதே அதன் பொருள்.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒரு பிழையை இங்குக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் திருமணம் நிகழ்ந்தது. அழைக்கும் பொறுப்பை என் தந்தையார் என்பால் ஒப்புவித்தார். யான் இதழை அழகிய படமாக்கி, உறவினர் அனைவரும் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவில் இட்டேன். கால் நாழிகைக்குள் நூறு பேர்க்குச் செய்தி சென்றது. கைகூப்பிய உருவங்களும் வாழ்த்துகளும் வந்து குவிந்தன. என் திறமையை யானே மெச்சிக்கொண்டேன். இடும்பாவனம் பக்கத்துச் சிற்றூரில் வாழும் என் தந்தையாரின் தமக்கைக்குக் கைப்பேசி இல்லை. துபாயில் உள்ள அவர் மகன் அக்குழுவில் இருந்தான். அவன் தொலைபேசியில் தன் தாய்க்குக் கூறினான். எனவே அவர்க்கும் செய்தி சேர்ந்துவிட்டது என்று யான் அமைந்திருந்தேன்.

நலங்கு வைக்கும் நாளில் முதலிற் தேடப்படுபவர் அத்தையேயன்றோ? அவர் வரவில்லை. முகூர்த்தத்திற்கும் வரவில்லை. என் தந்தையார் வாயிலையே பலகால் நோக்கினார். எவரையும் ஒன்றும் கேட்கவில்லை. மணம் முடிந்த மூன்றாம் நாள் மணமக்களை அழைத்துக்கொண்டு யான் அத்தை இல்லம் சென்றேன். அவர் முகம் கோணாமல் வரவேற்று, பலகாரம் இட்டு, இருவர்க்கும் திருநீறு பூசினார். விடைபெறும்போது மட்டும் என்னை நோக்கி, “தம்பி, கல்யாணம் என்ற செய்தி எனக்கு வந்தது; கல்யாணத்திற்கு வா என்று எவரும் வரவில்லை” என்றார். அதற்கு விடை என்னிடம் இல்லை. இட்டுச் செல்லாத அழைப்பிதழ் ஒன்று என் பையில் இருந்தது. அதனை நாணத்தோடு அவர் கையிற் கொடுத்தேன். அவர் அதனைக் கண்ணில் ஒற்றி, மாடத்தில் வைத்தார்.

சில திங்கள் கழித்து, அவர் பெயர்த்தியின் காதணி விழாவிற்கு எங்களை அழைக்க அவரே வந்தார். எழுபது வயது கடந்தவர், பேருந்தில் வந்திறங்கி, நடுப்பகல் வெயிலில் நடந்து, தட்டும் தாம்பூலமுமாக எங்கள் திண்ணையில் ஏறினார். யான் கற்ற கல்வி முழுவதும் கற்பியாததை அந்நடை எனக்குக் கற்பித்தது.

அவர் கூறிய சொல்லில் இவ்வழக்கின் தீர்ப்பு அடங்கியுளது. செய்தி வேறு, அழைப்பு வேறு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இது நிகழும் என்பது செய்தி. நீ இல்லாமல் இது நிறைவுறாது என்பது அழைப்பு. செய்தியைப் பலர்க்கு ஒருங்கே கூறலாம்; அழைப்பை ஒருவர்க்கு ஒருவரே கூறல் இயலும். குழுவில் இட்ட படம் நூறு பேர்க்கு அறிவிக்கின்றது. ஆயினும் அந்நூற்றுவருள் ஒருவரையும் அழைப்பதில்லை. இக்குறை மின்னினால் வந்ததன்று. மேலுறையில் பெயர் எழுதாமல் கடைக்காரரிடம் ஐம்பது இதழ்களை வைத்து, ‘வருவோர்க்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று சென்றுவிடும் செல்வனும் எவரையும் அழைத்தவனாகான். நற்செய்தி நூலில் வரும் பெருவிருந்து உவமையிலும், முன்னரே அழைக்கப்பட்டார்க்கு, விருந்து ஆயத்தமானபோது ஊழியன் ஒருவனை மீண்டும் அனுப்பி அழைக்கும் முறை கூறப்பட்டுளது. அறிவித்தலோடு அமையாது ஆள் செல்லுதல் வேண்டும் என்பது நம் நாட்டிற்கு மட்டும் உரிய எண்ணமன்று.

அழைப்பின் பொருளை நன்கு உணர்த்துவது மொய்விருந்து. நமக்கு மேற்கே பேராவூரணிப் பக்கத்திலும், புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலும் ஆனி, ஆடி மாதங்களில் இது பெருவழக்கு. பலர் ஒரே பந்தரில் கூடி ஊன்விருந்து இட்டு, தாம் முன்னர்ப் பிறர்க்குச் செய்த மொய்யைத் திரும்பப் பெறுவர். அவ்வூர்களில் அழைப்பிதழ் வெறும் அலங்காரமன்று; கொடுக்கல் வாங்கலை நினைவூட்டும் ஓலையாகும். ஒருவனுக்கு இதழ் வரவில்லையெனின், ‘என் மொய்யை வேண்டாது என் உறவை அறுத்துக்கொண்டனர்’ என்றே அவன் கொள்வான். ஆகவே கணக்கேட்டைப் பார்த்துப் பெயர் பெயராக அழைப்பர். பணத்தை மீட்பதற்கு இத்துணைக் கருத்தாக அழைக்கும் நாம், அன்பை மீட்பதற்கு ஒரு குழுச் செய்தி போதும் என்பது எவ்வாறு பொருந்தும்?

இனி, மின்னழைப்பை அறவே விலக்குவோர்க்கும் ஒரு சொல். கோலாலம்பூரில் உள்ள சிற்றப்பனுக்கும் அபுதாபியில் உள்ள மைத்துனனுக்கும் நாம் நடந்து செல்லல் இயலாது. அவர்க்கு அனுப்பும் படத்தோடு நம் குரலும் முகமும் உடன் சென்றால், அது முன்னைத் தபால் இதழினும் சிறந்த அழைப்பேயாகும். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய காலத்துத் திருமணங்களில் ஐம்பதின்மர்க்கு மேல் கூடலாகாது என்று அரசாங்கம் விதித்தது. அந்நாளில் உறவினர் ஒருவர் முகம் ஒருவர் காணச் செய்தது கைப்பேசியே. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பத்தார், வர இயலாதோர் மொய் செலுத்துதற்பொருட்டு கூகுள் பே, போன்பே ஆகியவற்றின் குறிகளை அழைப்பிதழிலேயே அச்சிட்டனர். இடர்க்காலத்தில் அதனைக் குறைகூற யான் துணியேன். இடர் நீங்கிய பின்னரும் அதனையே வழக்கமாக்கிக் கொள்வோமாயின், வருவாரை விட்டு வருவாயை மட்டும் அழைத்தோர் ஆவோம்.

தாளுக்கும் குறைகள் உண்டு. ஓர் இதழுக்கே நூற்றுக்கணக்கான ரூபாய் செலவிட்டு, பட்டும் பொன்னிற மையும் பொதிந்து கொடுப்பது அழைப்பன்று, செல்வத்தைப் பறைசாற்றலேயாகும். தெய்வ உருவங்களை அவற்றில் அச்சிட்டு, மணம் முடிந்த மறுநாள் அவை குப்பையில் கிடந்து மிதிபடக் காண்பதும் நன்றன்று.

கஜா புயல் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வைகறையில் இக்கடற்கரையைத் தாக்கியபோது, தென்னந்தோப்புகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. கைப்பேசிகள் பல நாள் ஊமையாயின. அன்று ஒருவர் நலத்தை ஒருவர் அறிய உதவியவை கால்களே. எவர் வீடு எங்குளது, எவ்வழியாகச் செல்வது என்று அறிந்திருந்தோரே உறவினர்க்கு உதவினர். நல்ல நாளில் அழைக்கச் சென்ற வழியே தீய நாளில் உதவிக்குச் செல்லும் வழியும் ஆகும்.

ஆகலின் பின்வரும் ஒழுங்கை நம் இளைஞர் மேற்கொள்வாராயின் இருதிறத்தாரும் அமைதியுறுவர். முதலாவது, நடந்தோ பேருந்தேறியோ ஒரு நாளிற் சென்று மீளத்தக்க தொலைவில் உள்ள முதியோர்க்கும் நெருங்கிய உறவினர்க்கும் நேரிற் சென்றே அழைத்தல் வேண்டும். கையில் இருப்பது இரண்டு ரூபாய்த் தாளாயினும் குற்றமில்லை. இரண்டாவது, தொலைவில் உள்ளார்க்கு அனுப்பும் மின்னிதழைத் தனித்தனியே பெயர் கூறி அனுப்பி, குரலாலும் அழைத்தல் வேண்டும். மூன்றாவது, ஒருவர்க்குரிய அழைப்பைப் பிறர்வழி அனுப்பலாகாது. மகனுக்குக் கூறியது தாய்க்குக் கூறியதாகாது. நான்காவது, அழைக்கப்பட்டோரும் தம் கடனை உணர்தல் வேண்டும். மேனாட்டார் அழைப்பிற்கு வருகை பற்றிய மறுமொழியை வேண்டுவர், நம்மவர் வேண்டுவதில்லை. அதனால் உலையில் இட்ட அரிசி மிகுதலும் குறைதலும் உண்டு. கைப்பேசி இதற்கு நல்ல துணையாம். கட்டைவிரல் உருவம் ஒன்றை அனுப்பி ஒழியாது, வருவேன் என்றோ இயலாமையின் வருந்துகின்றேன் என்றோ ஒரு வரி எழுதுதல் நாகரிகம். இறுதியாக, கைப்பேசி இல்லாதார் பெயரையே பட்டியலின் தலையில் எழுதுக. நம் வயலில் நாற்று நட்டவர், நம் வீட்டுத் துணி வெளுத்தவர், தனித்து வாழும் கைம்பெண்டிர் ஆகியோர் எக்குழுவிலும் இரார். அவரே எளிதில் விடுபடுவர்.

நண்பர்காள்! இக்கல்லூரியை விட்டு நீங்கள் வெளியேறிய சில ஆண்டுகளில் உங்கள் இல்லங்களிலும் மங்கல நிகழ்ச்சிகள் வரும். அழகிய படங்களை ஆக்கும் திறமை உங்கட்கு உண்டு; ஆக்குக. ஆயிரம் பேர்க்கு அனுப்புக. ஆயினும் அனுப்பிய பின்னர்க் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு, உங்கள் அத்தை வீட்டுத் திண்ணைக்கு ஒருமுறை நடந்து செல்லுக.