"பக்கத்து ஊருக்குத்தானே!"

விபத்தில் சிக்கியவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்கும் உறவினரிடம், "தலைக்கவசம் அணிந்திருந்தாரா?" என்று கேட்கிறோம். "பக்கத்து ஊருக்குத்தானே போனார், டாக்டர்" என்பதே நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில். வெளியூர்ப் பயணத்துக்கு அணியப்படும் தலைக்கவசம், பால் சொசைட்டிக்கும் உரக்கடைக்கும் செல்லும்போது வீட்டு ஆணியிலேயே தொங்குகிறது.

பழகிய சாலை பாதுகாப்பான சாலை ஆகிவிடாது. ஊர்ச்சாலை நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடத்தில் லாரிகள் விரைந்து வருகின்றன. அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காய்கிறது. பின்விளக்கில்லாத டிராக்டர் இருட்டில் நிற்கிறது. தெருவிளக்கு, எதிரொளிப்புப் பட்டை, நெல் உலர்த்தும் களம் ஆகியவற்றைக் கிராம சபையில் கேட்டுப் பெறுவது நம் அனைவரின் உரிமை. ஆயினும் அவை வந்து சேரும் வரை நம் தலையைக் காப்பது நம் கையில்தான் உள்ளது.

கீழே விழுந்தவர் தாமே எழுந்து அமர்வார், பேசுவார். மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்திருந்தால், சில மணி நேரத்தில் நினைவிழப்பார். வெளிக்காயமே இல்லாதவரிடமும் இதைக் காண்கிறோம். தலைக்கவசம் விபத்தில் உயிரிழக்கும் அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தாடைப்பட்டையை இறுக்கிப் பூட்டாவிட்டால், மோதும் கணத்திலேயே அது கழன்று விழும். மோட்டார் வாகனச் சட்டம் பின்னால் அமர்பவருக்கும், நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. அபராதத்துக்கு அஞ்சி அணிபவர், காவலர் நிற்காத ஊர்ச்சாலையில் அதைக் கழற்றிவிடுகிறார். ஆகவே, இந்தப் பழக்கத்தை வீட்டு வாசலில் குடும்பத்தினர்தான் உருவாக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சாலையில் எவரேனும் அடிபட்டுக் கிடந்தால், தயங்காமல் 108-ஐ அழையுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைத் தெரிவிக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. அடிபட்டவரின் கழுத்தை அசைக்காதீர்கள்; குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்; ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு, வரையறுக்கப்பட்ட சிகிச்சைகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. எனவே பணத்தை எண்ணித் தாமதிக்க வேண்டாம்.

இறுதியாக, நோயாளிகளுக்குத் துணையாக இருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, உணவுத் தூக்குடன் இருசக்கர வாகனத்தில் வார்டுக்கு வருகிறீர்கள். இரவெல்லாம் விழித்திருந்து, விடியலில் களைப்புடன் ஊர் திரும்புகிறீர்கள். அந்தப் பயணத்தை எண்ணி நாங்கள் கவலைப்படுகிறோம். உறக்கம் கண்ணைச் சுழற்றினால், சற்று உறங்கிவிட்டோ பேருந்திலோ செல்லுங்கள். வாகனத்தில் சென்றே ஆகவேண்டுமெனில் தலைக்கவசத்தை அணிந்து பட்டையைப் பூட்டுங்கள். படுக்கையில் இருப்பவர் நலம் பெற்று வீடு திரும்பும் நாளில், அவரை அழைத்துச் செல்ல நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.