இருண்ட திரையும் அரண்ட கண்ணும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் நாட்டுப் பழமொழி. எங்கள் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் ஒரு திரை இருண்டுவிட்டால் எங்கள் நிலையும் அதுவே. "நான் ஒன்றும் செய்யவில்லை, சிஸ்டர்!" என்று கையை இழுத்துக்கொண்டு எழுந்து நிற்போம். "யாரும் தொடாதீர்கள்" என்ற கட்டளை உடனே பிறக்கும். 'பழுது' என்று எழுதிய தாள் ஒன்று திரையின் நெற்றியில் ஒட்டப்படும். பிறகு பழுது பார்ப்பவரின் வருகையை எதிர்நோக்கிக் காத்திருப்போம்.

இவ்வாண்டு நாங்கள் அப்படிக் காத்திருந்த நாட்கள் பதினேழு. இரண்டு பொறிகள் ஓய்ந்து கிடந்தன. ஒரு பொறியின் முன் இருவர் அமர, மூன்றாமவள் பின்னால் நின்று எட்டிப் பார்க்க, பாடம் நடந்தது. பதினெட்டாம் நாள் வந்தவர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளிருந்து ஒரு சாண் நீளம்கூட இல்லாத பச்சை அட்டை ஒன்றை எடுத்தார். எங்களுள் ஒருத்தியிடம் பென்சில் அழிப்பானை இரவல் கேட்டார்! அட்டையின் விளிம்பை மெல்லத் தேய்த்து, மீண்டும் அதன் இடத்தில் பொருத்தினார். பொறி உயிர் பெற்றது. இரண்டாவது பொறிக்கு அழிப்பான்கூடத் தேவைப்படவில்லை. திரைக்குச் செல்லும் வடம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் எல்லோருடைய பென்சில் பெட்டியிலும் அழிப்பான் இருந்தது. இல்லாதது துணிவு மட்டுமே.

இது சிறிய செய்தி என்று தோன்றலாம். ஆனால் வீட்டில் கணிப்பொறி இல்லாத தோழியருக்கு வாரத்தில் கிடைப்பது இரண்டு பாடவேளைகள்தாம். அத்தகைய தோழி ஒருத்தி அந்தப் பதினேழு நாட்களும் மூன்றாமவளாக நின்றே கழித்தாள். "இதெல்லாம் எனக்கு ஒத்து வராது. பதினொன்றாம் வகுப்பில் கணிப்பொறிப் பிரிவு கேட்கப் போவதில்லை" என்று இப்போது கூறுகிறாள். தளர்ந்த வடம் ஒன்று ஒரு பெண்ணின் படிப்பைத் திசை திருப்பலாமா? இதைக் கேட்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நம் அன்னையரைப் பாருங்கள். குக்கர் விசில் அடிக்கவில்லை என்றால் அவர்கள் கடைக்காரரைத் தேடி ஓடுவதில்லை. ரப்பர் வளையம் சரியாக அமர்ந்திருக்கிறதா, வெயிட்டின் துளையில் பருப்பு அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மிக்ஸி நின்றுவிட்டால் அதைச் சாய்த்து அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார்கள். முதலில் எளிய காரணம், பிறகு அரிய காரணம் என்பதே பழுது பார்க்கும் கலையின் முதற்பாடம். அது நம் சமையலறையில் நாள்தோறும் நடக்கிறது. கணிப்பொறிக் கூடத்திற்குள் நுழையும்போது மட்டும் அதை ஏன் வாசலிலேயே விட்டுவிடுகிறோம்?

பெட்டிக்குள் இருப்பவை மாயப் பொருட்கள் அல்ல. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் எனக் குறைத்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஒரு மூலையில் இருக்கிறது. எல்லா உறுப்புகளையும் இணைக்கும் தாய்ப்பலகை இருக்கிறது. அதன்மேல், கணக்கிடும் செயலகம் தன் சூட்டைத் தணிக்கும் விசிறியோடு அமர்ந்திருக்கிறது. வன்தட்டு நம் வீட்டுச் சாமான் அலமாரி போன்றது. வைத்தது வைத்தபடி இருக்கும். ராம் என்பது காய் நறுக்கும் மேடை; வேலை முடிந்ததும் துடைத்துவிடப்படும். மின்சாரம் போனால் சேமிக்காத பாடம் மறைந்துபோவது இதனால்தான்.

இவற்றை அறிந்தால் நோயின் குறிகளையும் அறியலாம். பொறி இயங்கவே இல்லையா? சுவர் விசை, யு.பி.எஸ்., பெட்டியின் பின்புற விசை, செருகிய வடம் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். திரையின் விளக்கு எரிந்தும் படம் வரவில்லையா? திரை வடத்தை இரு முனையிலும் அழுத்திப் பாருங்கள். 'பீப் பீப்' என்று ஓசை வருகிறதா? அது பொறி நமக்குச் சொல்லும் செய்தி. ஓசையின் பொருள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறினாலும், பல வேளைகளில் ராம் அட்டையே காரணம். தேதி ஒவ்வொரு நாளும் பழைய ஆண்டுக்கு ஓடிவிடுகிறதா? தாய்ப்பலகையில் நாணயம் போலிருக்கும் 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருக்கும். சற்று நேரம் ஓடித் தானே அணைந்துவிடுகிறதா? விசிறியில் தூசி அடைத்துச் சூடு ஏறியிருக்கலாம். விசைப்பலகை வேலை செய்யவில்லையா? வேறொரு துளையில் செருகிப் பாருங்கள்.

"மின்சாரம் அல்லவா? விலை உயர்ந்த பொருள் அல்லவா?" என்று பெற்றோரும் அருட்சகோதரிகளும் அஞ்சுவது நியாயமே. அந்த அச்சம் எங்கள்மீது கொண்ட அன்பினால் வருவது என்பதை நன்றியோடு ஏற்கிறோம். ஆகவே எல்லைகளையும் நாங்களே வகுத்துக்கொள்ள விரும்புகிறோம். ஆசிரியை அருகில் இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. சுவரிலிருந்து வடத்தைப் பிடுங்காமல் கை வைக்கக் கூடாது. உறுப்புகளைத் தொடுமுன் பெட்டியின் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும். நம் உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அட்டைகளைக் கெடுத்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதிலுள்ள மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். உப்பிய மடிக்கணினி மின்கலத்தை அழுத்தவோ குத்தவோ கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத பொறியை நாம் திறக்கக் கூடாது. இவற்றுக்கு அப்பாற்பட்ட பழுதுக்கு அதற்குரியவரையே அழைக்க வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதும் அறிவுதானே!

"பெண்களுக்கு எதற்கு ஸ்க்ரூ டிரைவர்?" என்று கேட்போரும் உண்டு. வீட்டில் தம்பி பொறியைப் பிரித்தால் 'மூளைக்காரன்' என்கிறார்கள். அக்காள் பிரித்தால் 'கெடுத்துவிடாதே' என்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் மக்களுக்கு அறிமுகமான எனியாக் என்ற கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதை இயக்கக் கற்ற முதல் அறுவரும் பெண்கள். தொடக்கத்தில் அவர்களுக்குப் பொறி இருந்த அறைக்குள் செல்ல அனுமதிகூட இல்லை. வரைபடங்களைப் பார்த்தே பொறியைக் கற்றார்கள். பின்னர், அத்தனை குழாய்களுள் எது கெட்டது என்று கண்டு சொல்லும் அளவுக்குத் தேர்ந்தார்கள்.

இன்னொருவரைக் கூறாமல் இருக்க இயலவில்லை. அவர் ஒரு கன்னியாஸ்திரீ! அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் 1965ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயலில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அப்பட்டத்தை முதன்முதலில் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். அயோவா மாநிலத்திலுள்ள கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்தினார். துறவற உடைக்கும் கணிப்பொறிக்கும் பகையில்லை என்றால், எங்கள் இரட்டைச் சடைக்கும் பகையிருக்க நியாயமில்லை.

எனவே நிர்வாகத்திடம் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறோம். முதலாவது, இனிப் பயன்படாது என்று ஒதுக்கிய பழைய பொறி ஒன்றை ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவியர் பிரித்துச் சேர்த்துப் பழகத் தாருங்கள். இரண்டாவது, கூடத்தில் ஒரு பழுதுக் குறிப்பேடு வையுங்கள். என்ன நேர்ந்தது, எதைச் சோதித்தோம், எது பலித்தது என்று எழுதினால் அடுத்து வரும் தங்கையருக்கு அதுவே பாடநூலாகும். மூன்றாவது, 'பழுது' என்ற தாளை ஒட்டுமுன், ஆசிரியையின் முன்னிலையில் பத்து நிமிடம் எங்களைச் சோதிக்க விடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். 2011ஆம் ஆண்டு தமிழக அரசு மேல்நிலை மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவ்வாறு அக்காமார் பெற்ற மடிக்கணினிகள் சில வீடுகளில் புடவைகளுக்கு அடியில் உறங்குகின்றன. அவற்றை எடுத்துத் தூசி துடைத்து, மின்கலம் உப்பவில்லை என்று பார்த்து, ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

மறைக்கல்வி வகுப்பில் தாலந்து உவமையைப் படித்தோம். ஒரு தாலந்து பெற்ற ஊழியன் அதைத் திருடவுமில்லை, வீணாக்கவுமில்லை. அச்சத்தால் மண்ணில் புதைத்து வைத்தான். தலைவன் கண்டித்தது அதைத்தான். பூட்டிய கூடமும் தொடாத பொறியும் புதைத்த தாலந்து அல்லவா?

விண்ணப்பப் படிவம் நிரப்பும் நாள் நெருங்குகிறது. அதற்குமுன் எங்கள் தோழியின் கையால் ஒரு ராம் அட்டையையேனும் கழற்றி மாட்டச் செய்யுங்கள். அதன்பின் அவள் எந்தப் பிரிவை வேண்டுமானாலும் கேட்கட்டும். அச்சத்தால் அல்ல, விருப்பத்தால் கேட்கட்டும்!