ஆறு மணி நேர ஆட்டமும் கவனக்குறைவும்

"ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து விளையாடுகிறவருக்குக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" மனநலப் புறநோயாளர் பிரிவில் பெற்றோரும் மனைவியரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். ஆயினும் அதற்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது.

ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாட்டில் கவனம் அடியோடு இல்லாமற் போவதில்லை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்தும் ஆற்றலே குன்றியிருக்கிறது. வருமான வரிப் படிவத்தை நிரப்பினால் அதன் பயன் மாதங்கள் கழித்தே தெரியும். விளையாட்டிலோ சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு புள்ளி, ஓர் ஒலி, ஒரு புதிய கட்டம். தாமதமாக வரும் பலனுக்குக் காத்திருக்க இயலாத மூளைக்கு இதைவிட இசைவான இடம் ஏது? காணொளி விளையாட்டு ஆடும்போது மூளையின் ஆழத்தில் டோப்பமின் சுரப்பு கூடுவதை 1998-ஆம் ஆண்டிலேயே லண்டன் ஆய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினர். ஏ.டி.எச்.டி.க்கு அளிக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து செயல்படுவதும் அதே டோப்பமின் மீதுதான்.

ஆகவே, வேலைக்குச் செல்லும் முப்பது வயதுக்காரர் விடியும்வரை விளையாடுகிறார் என்று அழைத்து வரப்படும்போது, கைப்பேசியைப் பறிப்பதற்கு முன் அவருடைய பள்ளிப் பருவத்தை விசாரிக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. 12 வயதுக்கு முன்னரே அறிகுறிகள் சில இருந்திருக்க வேண்டும் என்கிறது டி.எஸ்.எம்.-5 வரையறை. வகுப்பில் ஓடியாடித் தொல்லை தந்த சிறுவர்கள் எளிதில் கண்ணில் பட்டார்கள். சன்னலோரம் கனவில் அமர்ந்திருந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், 'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவள்' என்ற பட்டத்தோடு வளர்ந்துவிட்டார்கள். அத்தகைய ஒருவர் தம்மைத் திறமைசாலியாக உணரும் ஒரே இடம் அந்தத் திரையாக இருக்கக்கூடும். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் எஞ்சுவது என்ன என்பதைக் குடும்பத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிறைய விளையாடுவோர் அனைவருக்கும் ஏ.டி.எச்.டி. என்பதன்று இதன் பொருள். மனச்சோர்வும் தனிமையும்கூட ஒருவரைத் திரைக்குள் தள்ளும். இரவெல்லாம் விழித்தவருக்குப் பகலில் கவனம் சிதறுவது இயல்பே. 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலில் விளையாட்டுச் சீர்குலைவு இடம்பெற்றுள்ளது; ஆனால் மணிக்கணக்கு அதற்கு அளவுகோல் அன்று. கட்டுப்பாட்டை இழத்தல், மற்ற அனைத்தையும்விட விளையாட்டுக்கே முன்னுரிமை தருதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்து வாழ்க்கையைக் குலைத்திருக்க வேண்டும். ஞாயிறு முழுவதும் விளையாடிவிட்டுத் திங்களன்று ஒழுங்காக அலுவலகம் செல்பவர் நோயாளி அல்லர். (2020-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 8 முதல் 12 வயதுவரை ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளுக்கென ஒரு காணொளி விளையாட்டையே மருத்துவச் சாதனமாக அனுமதித்தது. விளையாட்டையே நஞ்சென்று ஏசுவோர் இதையும் அறிந்திருப்பது நல்லது.)

தென்கொரியாவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இணைய விளையாட்டில் ஈடுபட்டிருந்த ஏ.டி.எச்.டி. சிறார் 62 பேருக்கு எட்டு வாரம் மெத்தில்ஃபெனிடேட் அளிக்கப்பட்டது. அவர்கள் இணையத்தில் செலவிட்ட நேரம் குறைந்தது. சிறாரிடம் கண்டதை வளர்ந்தோருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும் அடிப்படைக் குறைபாட்டைக் கவனித்தால் ஆட்டத்தின் பிடியும் தளரலாம் என்பதற்கு அது ஒரு சான்று. மருந்தைத் தொடங்குமுன் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் பார்க்கப்படும். உறவினருக்கு எழுதித் தந்த மாத்திரையை வாங்கி விழுங்கலாகாது.

முதல் சந்திப்புக்கு வரும்போது, சிறுவயதில் அவரை வளர்த்த ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். பழைய மதிப்பெண் அட்டைகள் பரணில் கிடந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள். மதிப்பெண்களைவிட, ஓரத்தில் ஆசிரியர் எழுதிய ஒற்றை வரிக் குறிப்புகளே எங்களுக்கு மிகுதியாகப் பயன்படும்.